ஸ்பியர்கன் வாங்குவதற்கு முன்னால் படிக்க வேண்டியது

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 35 டாலர் கட்டினால் ஓராண்டுக்குப் பொழுதுபோக்கு மீன்பிடி உரிமம் கிடைத்துவிடும். போனிலேயே முடிகிற வேலை. ஸ்பியர்கன், அதாவது தண்ணீருக்கு அடியில் மீனை அடிக்கும் ஈட்டித் துப்பாக்கி, வாங்குவதும் அப்படித்தான், கடையில் காசைக் கொடுத்தால் கையில் எடுத்துக் கொடுப்பார்கள், ஆன்லைனில் என்றால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் "உனக்கு விதி தெரியுமா?" என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. எனக்கு இது பல வருடமாக இருக்கும் உறுத்தல். சிட்னியின் மேற்குப் பக்கம் இருக்கும் நம் பையன்கள் பலர் இப்போது கடலுக்குப் போகிறார்கள், முதலில் தூண்டில், அப்புறம் மாஸ்க்கும் ஸ்நார்க்கல் என்கிற மூச்சுக் குழாயும், அடுத்த கோடைக்குள் ஈட்டி. ஒவ்வொரு கோடையிலும் யாராவது புதுத் துப்பாக்கியின் படத்தை அனுப்பி "அண்ணா, எங்கே போய் அடிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். எங்கே என்பது கடைசிக் கேள்வி. எதை வைத்து, எப்படி என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

தூண்டில் விதிகளைப் படிப்பது போல ஈட்டி விதிகளைப் படிக்கக் கூடாது. தூண்டிலில் பெரும்பாலும் மீனைப் பற்றித்தான் பேச்சு: எத்தனை எடுக்கலாம், எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று. ஈட்டிக்கு வந்தால் கருவியைப் பற்றிய பேச்சு முன்னுக்கு வந்துவிடும். முதுகில் என்ன மாட்டியிருக்கிறாய், ஈட்டி முனையில் என்ன இருக்கிறது, கையில் விளக்கு உண்டா, துப்பாக்கி லோடு ஆகியிருக்கிறதா. இதற்குக் காரணம் எளிமையானது. பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எந்த அதிகாரியாலும் பார்க்க முடியாது. ஆனால் கரையேறும்போது உங்கள் கையிலும் படகிலும் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம். ஆகவே சட்டம் சாமானைப் பிடித்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியா, அமெரிக்கா இரண்டு நாடுகளிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறினாலும், இந்த ஒரு யோசனை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவதைப் பார்க்கலாம்.

எங்கள் மாநிலத்தில் முதல் விதி, ஈட்டியோடு இறங்கினால் ஸ்நார்க்கல் மட்டும்தான். முதுகில் மாட்டும் ஸ்கூபா காற்று உருளை கூடாது, மேலே கம்ப்ரசர் ஓட்டிக் குழாய் வழியாக மூச்சு வாங்கும் ஹூக்காவும் கூடாது. பொழுதுபோக்காகப் போகிறவர்கள் ஸ்கூபாவோ ஹூக்காவோ போட்டுக்கொண்டு எடுக்கலாம் என்று விட்டிருப்பது ஸ்காலப் என்கிற சிப்பியையும், முள் பந்து போல இருக்கும் கடல் அர்ச்சினையும்தான். மீன் வேண்டுமென்றால் உங்கள் நுரையீரலில் இருக்கும் காற்றோடு கீழே போய் வர வேண்டும்.

இதில் என் கட்சி என்ன என்று மறைக்கப் போவதில்லை. இருக்கிற விதிகளில் இதுவே மிகச் சிறந்தது என்பேன். சாதாரணமாகப் பழகிய ஒருவர் எட்டு, பத்து மீட்டர் இறங்குவார், அடியில் கொஞ்ச நேரம்தான் நிற்க முடியும், மீன் இடுக்குக்குள் போய்விட்டால் அதோடு சரி, மேலே வந்தாக வேண்டும். நன்றாகத் தேர்ந்தவர்கள் இருபதைத் தாண்டுவார்கள். அதற்கும் கீழே இருக்கிற குகைகளும் பாறை விளிம்புகளும் யார் கையும் எட்டாத இடமாகவே இருந்துவிடுகின்றன. பெரிய, வயதான, நிறைய முட்டையிடும் மீன்கள் அங்கேதான் ஒதுங்குகின்றன. உருளையோடு போனால் அந்தக் குகை வாசலில் நிதானமாக உட்கார்ந்து, எந்த மீன் வேண்டுமோ அது தலையை நீட்டும் வரை காத்திருந்து அடிக்கலாம். தினமும் இத்தனை மீன்தான் என்று எண்ணிக்கை வரம்பு போட்டாலும் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் வரம்புக்குள் எடுக்கும் அத்தனையும் அந்தப் பாறையின் பெரிய மீன்களாகவே இருக்கும்.

ஃப்ளோரிடாவில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். அவன் அனுப்பும் படங்களில் முதுகில் ஸ்கூபா உருளை, கையில் ஸ்பியர்கன், பக்கத்தில் பெரிய க்ரூப்பர், நம் ஊர்க் களவாவின் சொந்தக்காரன். அங்கே அது சட்டப்படி சரிதான். "உங்க ஊர்ல மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?" என்று கேட்பான். ஆனால் அவன் ஊரிலும் கருவிக்குக் கோடு போட்டிருக்கிறார்கள், கோடு வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ரீபிரீதர் என்று ஒரு கருவி உண்டு, விட்ட மூச்சைச் சுத்தப்படுத்தித் திரும்பத் தரும், குமிழியே வராது. குமிழிச் சத்தம் இல்லாவிட்டால் மீனுக்கு ஆள் வருவதே தெரியாது. ஃப்ளோரிடாவில் அதைப் போட்டுக்கொண்டு மீன் அடிக்கக் கூடாது. விதிவிலக்கு லயன்ஃபிஷ். இந்தோ பசிபிக் கடலிலிருந்து வந்து அங்கே பெருகிப்போய், உள்ளூர் மீன் குஞ்சுகளை எல்லாம் தின்று தீர்க்கும் மீன் அது. அதற்கு அளவும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது, போல் ஸ்பியர் என்கிற கைஈட்டியோ ரப்பரால் எய்யும் ஹவாயன் ஸ்லிங் ஈட்டியோ வைத்து அடித்தால் உரிமம்கூட வேண்டாம். ஒரே கருவியை ஒரு மீனுக்கு மூடி, இன்னொரு மீனுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். யோசித்துச் செய்த விதி என்று எனக்கு மதிப்பு உண்டு.

அதே மாநிலத்தில் கோலியாத் க்ரூப்பர் என்று ஒன்று, முந்நூறு கிலோவுக்கு மேல் வளரக்கூடியது, ஆளைக் கண்டால் ஓடாது. ஓடாத மீனுக்கும் ஈட்டிக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1990-இல் அதைப் பிடிப்பதையே முழுதாக மூடினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து 2023-இல் ஆண்டுக்கு 200 மீன் என்று குலுக்கல் முறையில் கொஞ்சம் திறந்தபோதும், தூண்டிலுக்கு மட்டும்தான் அனுமதி, ஈட்டிக்கு இல்லை. அளவு பொருந்தாத மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றி விட்டுவிடலாம், ஈட்டி ஏறிய மீனை என்ன செய்ய முடியும்?

ஹவாயில் பெரிய தீவின் மேற்குக் கரை, கோனா இருக்கும் பக்கம், 2013 டிசம்பர் முதல் ஸ்கூபாவோடு ஈட்டி மீன்பிடிக்கத் தடை. அந்த விதியின் வாசகம்தான் எனக்குப் பிடித்தது. ஸ்கூபா போட்டுக்கொண்டு அடிக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. ஸ்கூபா சாமானும் ஈட்டியும் ஒரே நேரத்தில் உங்களிடம் இருந்தாலே குற்றம். ஸ்கூபா சாமானும் ஈட்டியால் குத்தப்பட்ட மீனும் சேர்ந்து இருந்தாலும் குற்றம். "உருளையைச் சும்மா நீந்தக் கொண்டுவந்தேன், மீனை மூச்சுப் பிடித்துத்தான் அடித்தேன்" என்று யாரும் கதை சொல்ல வழியில்லை. நான் முதலில் சொன்னேனே, தண்ணீருக்கு அடியில் பார்க்க முடியாததைப் படகின் மேல் பார்ப்பது, அதை இதைவிடத் தெளிவாக எழுத முடியாது.

வடக்கே குவீன்ஸ்லாந்திலும் ஸ்நார்க்கல் மட்டும்தான். கிரேட் பேரியர் ரீஃப் பூங்காவுக்குள் போனால் மண்டல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பச்சை மண்டலத்தில் எதையும் எடுக்கக் கூடாது. மஞ்சள் மண்டலத்தில் "வரம்புக்குட்பட்ட ஈட்டி மீன்பிடி" என்று ஒரு வகைக்கு அனுமதி உண்டு, அதற்கு என்ன வரம்பு என்றால், பவர்ஹெட் இல்லை, தோட்டா போடும் நிஜத் துப்பாக்கி இல்லை, விளக்கு இல்லை, ஸ்நார்க்கல் தவிர வேறு மூச்சுக் கருவி இல்லை. மீனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல், கருவியை வைத்தே ஒரு மீன்பிடி முறையை வரையறுத்திருக்கிறார்கள்.

பவர்ஹெட் என்று சொன்னேன், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கரையில் ஒரு சுறாவின் தலையெழுத்தையே அது மாற்றியது. ஈட்டியின் நுனியில் ஒரு தோட்டாவை வைக்கும் சின்ன உருளை. நுனி எதிலாவது போய் இடித்தால் தோட்டா வெடிக்கும். குறி தவறவே தவறாது, ஏனென்றால் தொட்டால் போதும். கிரே நர்ஸ் சுறாவைப் படத்தில் பார்த்தவர்கள் பயந்துவிடுவார்கள், வாயை மூடியிருக்கும்போதும் பற்கள் வெளியே கோணல்மாணலாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அது மீன் தின்னும் சாது. பகலில் பாறைப் பள்ளங்களில் மெதுவாக மிதந்துகொண்டிருக்கும், சிட்னியில் மரூப்ரா பக்கம் மேஜிக் பாயின்ட்டில் இன்றும் பார்க்கலாம். 1950களிலும் 60களிலும் இதை ஆளைத் தின்னும் சுறா என்று நினைத்துக்கொண்டு ஈட்டியோடும் பவர்ஹெட்டோடும் இறங்கி வரிசையாகக் கொன்றார்கள். அசையாமல் நிற்கிற விலங்கு, தொட்டாலே கொல்லும் ஆயுதம். கொன்றவர்களுக்கு அன்று கிடைத்தது பாராட்டு.

இந்தச் சுறா அதிலிருந்து மீளாததற்கு அதன் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது. தாயின் வயிற்றில் இரண்டு கருப்பைகள். ஒவ்வொன்றிலும் முதலில் வளரும் குட்டி மற்றக் கருக்களைத் தின்றுவிடும். கடைசியில் மிஞ்சுவது பக்கத்துக்கு ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதிகபட்சம் இரண்டு குட்டிகள். இப்படிப்பட்ட ஒரு பிராணியில் நூறைக் கொன்றால் திரும்ப வர எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1984-இல் நியூ சவுத் வேல்ஸ் இதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது, உலகத்திலேயே முதன்முதலாகப் பாதுகாக்கப்பட்ட சுறா இதுதான். இன்னும் கிழக்குக் கரையில் இது அழிவின் விளிம்பில்தான் இருக்கிறது. அந்தப் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் வேலரி டெய்லர், அவரே ஒரு காலத்தில் ஈட்டி மீன்பிடிப் போட்டிகளில் ஜெயித்தவர். அவர் கணவர் ரான் டெய்லர் 1965-இல் தஹிதியில் நடந்த போட்டியில் உலகச் சாம்பியன். இரண்டு பேரும் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார்கள். ஈட்டிக்காரர்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை ஏதோ கடலையே பார்க்காத அதிகாரிகள் எழுதினார்கள் என்று பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் இந்த இருவரைப் பற்றிச் சொல்வேன். இப்போது பவர்ஹெட்டும் வெடிக்கும் எந்தச் சாமானும் ஈட்டி மீன்பிடிக்கு எங்கள் மாநிலத்தில் தடை. ஃப்ளோரிடாவின் மாநில நீர்ப்பரப்பிலும் தடை.

அடுத்தது விளக்கு. ஆன்லைனில் வரும் ஸ்பியர்கன் செட்டுகளில் டார்ச் மாட்டும் கிளிப் ஒன்றும் சேர்ந்தே வருகிறது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நியூ சவுத் வேல்ஸில் ஈட்டியோடு விளக்கைப் பயன்படுத்தக் கூடாது. இரவில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், பகலில் குகைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பதும் சேர்த்தித்தான். இரவில் பல மீன்கள் பாறை இடுக்கில் அசையாமல் கிடக்கும், பவளப்பாறைப் பக்கம் சில கிளிமீன்கள் வாயிலிருந்து சுரக்கும் கோழையாலேயே ஒரு உறை செய்து அதற்குள் தூங்கும். வெளிச்சம் முகத்தில் விழுந்தாலும் நகராது. அதைக் குத்துவதற்குத் திறமை ஒன்றும் வேண்டாம். மீனுக்கு ஆழம் ஒரு புகலிடம், இருட்டு இன்னொரு புகலிடம். ஸ்கூபா தடை முதலாவதைக் காக்கிறது, விளக்குத் தடை இரண்டாவதை.

சிங்கி இறாலை ஈட்டியால் குத்தக் கூடாது, கையால்தான் பிடிக்க வேண்டும், கையுறை போட்டுக்கொள்ளலாம். ஃப்ளோரிடாவிலும் ஹவாயிலும்கூட சிங்கி இறாலைக் குத்தத் தடை இருக்கிறது. முட்டை சுமக்கிற பெட்டையையும் அளவுக்குச் சின்னதையும் திரும்ப விட வேண்டும், ஓட்டில் ஓட்டை போட்டபின் எதை விடுவது?

சரி, இப்போது கரையோர விஷயம். எங்கள் மாநிலத்தில் கடற்கரை மணல் ஓரங்களில் ஈட்டி மீன்பிடிக்கக் கூடாது, ஒவ்வொரு கடற்கரையின் இரு முனைகளிலும் கடைசி 20 மீட்டர் மட்டும் விலக்கு. பாறைகள் தொடங்கும் இடம் அது, மீனும் அங்கேதான் இருக்கும், குளிக்கிறவர்கள் நடுவில் இருப்பார்கள். நன்னீரில், அதாவது ஆறு, ஏரி, அணைகளில் முற்றிலும் தடை. ஃப்ளோரிடாவில் பொதுக் குளியல் கடற்கரை, மீன்பிடிப் பாலம், மீன்பிடி மேடை இவற்றிலிருந்து 100 யார்டு தள்ளி இருக்க வேண்டும், நன்னீரிலோ ஸ்பியர்கனை வைத்திருப்பதே குற்றம், சுட வேண்டும் என்றுகூட இல்லை. சிட்னியில் வேறு சில இடங்களும் உண்டு. மேன்லி பக்கம் கேபேஜ் ட்ரீ பே 2002 முதல் எதையும் எடுக்கக் கூடாத காப்பகம். நார்த் ஹார்பர் காப்பகத்தில் தூண்டில் போடலாம், ஈட்டி கூடாது. பக்கத்தில் ஒருவர் தூண்டிலோடு நிற்கிறார், ஆகவே நாமும் இறங்கலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைப் புதியவர்கள் யாரும் தெரிந்து வைத்திருப்பதில்லை. நியூ சவுத் வேல்ஸின் குற்றவியல் சட்டம், 1900-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் 93ஜி பிரிவு. நிஜத் துப்பாக்கியையும் ஸ்பியர்கனையும் ஒரே வரியில் வைத்துப் பேசுகிறது. லோடு செய்த ஸ்பியர்கனைப் பொது இடத்தில் வைத்திருந்தால், அல்லது பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி வைத்திருந்தால், பத்து ஆண்டு வரை சிறை. கார் நிறுத்துமிடம் பொது இடம். குழந்தைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாறையும் பொது இடம். மீன்பிடித் துறையின் அபராதத்தோடு முடிகிற கதை இல்லை இது.

அது ஏன் இவ்வளவு கடுமை என்று ஒரு முறை லோடு செய்து பார்த்தால் புரியும். துப்பாக்கியின் பின்முனையை மார்பில் ஊன்றி, இரண்டு கையாலும் ரப்பரின் இரு பக்கத்தையும் பிடித்து இழுக்க வேண்டும். புதியவர்களுக்குத் தோள்பட்டை எரியும். ரப்பரின் முனையில் இருக்கும் கம்பி, ஈட்டித் தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் "டக்" என்று போய் உட்காரும். அந்த நிமிடத்திலிருந்து அந்த எஃகுத் தண்டைப் பிடித்து வைத்திருப்பது விரல் அளவு ஒரு ட்ரிகர் கொக்கி மட்டும்தான். தண்ணீருக்குள் அந்த வேகத்தைத் தண்ணீரே குறைத்துவிடும். வெளிக்காற்றில் தடுக்க எதுவும் இல்லை. ஈட்டி நுனியில் ஒரு மடக்கு முள் வேறு இருக்கிறது, உள்ளே போகும்போது மடங்கும், திரும்ப இழுத்தால் விரியும், மீன் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. அது மனிதச் சதைக்குள்ளும் அப்படியேதான் விரியும். சேஃப்டி பொத்தானை நம்பக் கூடாது, உப்பும் மணலும் ஏறினால் அது என்ன செய்யும் என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை. ஆகவே இடுப்பளவுக்கு மேல் தண்ணீரில் இறங்கி, முன்னால் யாரும் இல்லை என்று பார்த்தபின் லோடு செய்ய வேண்டும், வெளியே வருவதற்கு முன்னால், தண்ணீரில் இருக்கும்போதே ரப்பரைக் கழற்றிவிட வேண்டும். என்னோடு முதல் முறை வருகிற யாராக இருந்தாலும் இதைப் பலமுறை செய்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் மீன் பக்கம் போகவே விடுவேன்.

கீழே ஆள் இருப்பதைப் படகுகளுக்குக் காட்டும் மிதவையும் கொடியும் பற்றி ஒரு வார்த்தை. இங்கே நீலமும் வெள்ளையும் கலந்த ஆல்ஃபா கொடி. ஃப்ளோரிடாவில் சிவப்பில் குறுக்கே வெள்ளைக் கோடு, மிதவையில் என்றால் குறைந்தது 12-க்கு 12 அங்குலம், படகில் என்றால் 20-க்கு 24. அங்கிருந்து வாங்கி வந்த கொடியை இங்கே ஏற்றினால் படகோட்டிக்கு அது என்னவென்றே தெரியாமல் போகலாம். அடித்த மீனை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தாமல் அந்த மிதவையிலேயே கோர்த்துவிடுங்கள், ரத்த வாசனைக்கு வருகிற விருந்தாளி உங்கள் தொடை பக்கம் வராமல் இருக்கும்.

எந்த மீன் என்பதில் வந்து நிற்கிறோம். 2023 டிசம்பர் 30 அன்று குரோனுல்லாவின் ஓக் பார்க்கில் ஒரு நீல க்ரோப்பர் (மேலே சொன்ன க்ரூப்பர் இல்லை, இது வேறு மீன்) ஈட்டியால் குத்தப்பட்டது. அந்தப் பகுதி மக்கள் அதற்குக் கஸ் என்று பெயர் வைத்து, வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய மீன். நீந்துகிறவர்கள் பக்கத்தில் வந்து நாய்க்குட்டி போலக் கூடவே சுற்றும். நீல க்ரோப்பர் எங்கள் மாநில மீன். ஈட்டியால் அதைக் குத்துவது 1969 முதலே தடை. குத்தியவருக்கு 800 டாலர் அபராதம் என்று செய்தி வந்தது. மக்களின் கோபத்துக்குப் பிறகு 2024-இல் தூண்டிலில் பிடிப்பதையும் நிறுத்தினார்கள், முதலில் ஓராண்டுக்கு, அப்புறம் அதையும் நீட்டித்தார்கள்.

அந்தச் செய்தி வந்த வாரம் பலரும் "நீலமாகப் பெரிதாக இருந்தால் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதானே" என்றார்கள். இல்லை. க்ரோப்பர்கள் எல்லாம் பெட்டையாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன, அப்போது நிறம் பழுப்பு, கொஞ்சம் பச்சை, கொஞ்சம் செம்பழுப்பு. வளர்ந்து பெரிதான பிறகு சிலது ஆணாக மாறி நீலமாகும். ஒரு பாறையில் இருக்கும் நீல ஆணை எடுத்துவிட்டால் இன்னொரு பெரிய பெட்டை ஆணாக மாற வேண்டும். பழுப்பு நிறத்தில் இருப்பதும் அதே மீன், அதே தடை. கடற்பாசிக்கு நடுவில் அது மறைந்து நிற்கும், அவசரக்காரன் கண்ணுக்கு வேறு ஏதோ பாறை மீன் போலத் தெரியும். தடித்த உதடு, உருண்டையான உடம்பு, முன்னால் துருத்திய முளைப் பற்கள் என்று படம் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். ப்ளாக் ராக்காட் என்கிற கருங்களவாவும் அப்படியே, 1983 முதல் பாதுகாப்பில் இருக்கிறது, அதுவும் ஆளைப் பார்த்து ஓடாமல் குகை வாசலில் நின்று முறைக்கிற மீன்தான். ஓடாத மீன் எதுவாக இருந்தாலும் முதலில் சந்தேகப்படுங்கள்.

அளவு விஷயத்தில் தண்ணீர் நம்மை ஏமாற்றும். மாஸ்க்கின் கண்ணாடி வழியே பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கிங்ஃபிஷுக்கு (நம் ஊரில் அப்படிச் சொல்லும் வஞ்சிரம் இல்லை, இது பாரைக் குடும்பம்) எங்கள் மாநிலத்தில் குறைந்தபட்ச நீளம் 65 செ.மீ., ஆளுக்கு 5. தண்ணீருக்கு அடியில் 65 போலத் தெரிகிற மீன் மேலே கொண்டுவந்தால் 50-க்கும் குறைவாக இருக்கும். தூண்டில்காரருக்கு அளவுகோல் கையில் இருக்கிறது, மீனும் உயிரோடு இருக்கிறது. நமக்கு ட்ரிகரை அழுத்தும் முன்பே முடிவு தெரிந்திருக்க வேண்டும். நான் துப்பாக்கியின் முன்முனையிலிருந்து 65 செ.மீ.க்கு ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறேன். துப்பாக்கியும் மீனும் ஒரே தூரத்தில் இருந்தால் இரண்டும் ஒரே அளவில் பெரிதாகும், அப்போது ஒப்பிடுவது சரியாக வரும். மீன் எட்டத்தில் இருந்தால் டேப்பை நம்பக் கூடாது, இன்னும் நெருங்க வேண்டும். டேப்பைத் தாண்டி நன்றாக நீளவில்லை என்றால் விட்டுவிடுவேன். கிங்ஃபிஷ் ஆர்வக்கோளாறு பிடித்த மீன், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வரும், கூட்டத்தில் பெரியதும் சில நேரம் கூடவே வரும்.

மாநில எல்லையைத் தாண்டும்போது இதையெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும். ட்வீட் ஹெட்ஸிலிருந்து கூலங்கட்டாவுக்கு ஒரு தெருவைக் கடந்தால் போதும், குவீன்ஸ்லாந்து, அங்கே கடல் மீன்பிடிக்குப் பொது உரிமமே கிடையாது, அளவுப் பட்டியலும் வேறு. திரும்ப இந்தப் பக்கம் வந்தால் 35 டாலர் ரசீது வேண்டும். எங்கள் மாநிலத்துக்கு ஃபிஷ்ஸ்மார்ட் என்று அரசு ஆப் இருக்கிறது, இறக்கி வைத்துக்கொண்டு, போகிற இடத்தின் மூடல்களை அன்று காலையே பாருங்கள். போன வருடம் திறந்திருந்த இடம் இந்த வருடம் மூடியிருக்கலாம். பழைய யூட்யூப் வீடியோவை நம்பி இறங்காதீர்கள்.

என்னைக் கேட்டால் அரசு ஒன்று செய்ய வேண்டும். படகு ஓட்ட உரிமம் வாங்க ஒரு தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. ஈட்டிக்கும் அது வேண்டும். பெரிய தேர்வு ஒன்றும் வேண்டாம், உரிமம் எடுக்கும் அதே திரையில் "ஈட்டி பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டு, ஆம் என்றால் பத்துப் படங்கள் காட்டட்டும். பழுப்பு க்ரோப்பர் ஒன்று, கருங்களவா ஒன்று, டார்ச் மாட்டிய துப்பாக்கி ஒன்று, முட்டை சுமக்கிற சிங்கி இறால் ஒன்று. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால்தான் காசைக் கட்டும் பொத்தான் வரட்டும். தவறாகச் சொன்னால் ஏன் தவறு என்று ஒரு வரி, அப்புறம் மறுபடி முதலிலிருந்து. ஆங்கிலத்தோடு தமிழ், அரபி, வியட்நாமிய மொழி, சீனம் என்று சிட்னிக் கடற்கரைகளில் காதில் விழுகிற மொழிகளிலும் இருக்கட்டும். பொழுதுபோக்கு மீன்பிடிக் கட்டணம் மீன்பிடிக்காரர்களுக்கான அறக்கட்டளைக்குத்தான் போகிறது, அதிலிருந்தே இதற்குச் செலவு செய்யலாம். இதைக் கேட்டு எழுதலாம் என்று இருக்கிறேன், சேர்ந்து கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.